மின்னஞ்சலுக்கு வழி எழுதிய காலம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், ஒரு மின்னஞ்சலின் தலைப்புப் பகுதியில் மறைந்திருக்கும் ‘ரிசீவ்டு’ வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால், அந்தக் கடிதம் எந்தெந்தக் கணினிகளைக் கடந்து வந்தது என்பது தெரியும் என்று எழுதியிருந்தோம். அதைப் படித்த தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் பலர், கடிதம் போக வேண்டிய வழியை அனுப்புகிறவரே முன்கூட்டி வகுத்துக்கொடுத்த காலம் ஒன்று இருந்ததா என்று வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். இருந்தது. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் 1980களின் ஆங்கில ஆய்விதழ்களைப் புரட்டியபோது, கட்டுரையாளர் பெயருக்குக் கீழே நான்கைந்து சொற்களை ஆச்சரியக்குறிகளால் கோத்து எழுதிய ஒரு வரியைப் பார்த்தேன். அதுதான் மின்னஞ்சல் முகவரி என்று குறிப்பு சொல்கிறது. இது எப்படி முகவரியாகும்?
(அரூரிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை)

பதில்: ஒருவர் எந்தக் கணினியில் இருக்கிறார் என்பதோடு, அந்தக் கணினிக்குப் போய்ச் சேரும் வழி முழுவதையும் இடமிருந்து வலமாகச் சொல்லும் வரி அது. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடிய கணினிகள் தொலைபேசி வழியாக ஒன்றையொன்று அழைத்துக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்வதற்காக, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் 1970களின் பிற்பகுதியில் யூயூசிபி என்ற மென்பொருளை உருவாக்கினார். 1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு அது பல்கலைக்கழகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் பரவியது. இந்த அமைப்பில் ஒரு கணினிக்குத் தன்னை நேரடியாக அழைக்கும் கணினிகளையும், தான் நேரடியாக அழைக்கும் கணினிகளையும் மட்டுமே தெரியும். அவற்றுக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே தொலைவில் உள்ள ஒருவருக்கு எழுத வேண்டுமானால், இடையில் உள்ள கணினிகள் ஒவ்வொன்றின் பெயரையும் வரிசையாக எழுதித் தருவது அனுப்புகிறவரின் பொறுப்பாக இருந்தது.

விளக்கத்துக்காக நம் ஊர்ப் பெயர்களையே கணினிகளுக்கு வைத்துக்கொள்வோம். தர்மபுரிக் கணினியிலிருந்து ஓசூர்க் கணினியில் இருக்கும் குமார் என்பவருக்கு எழுதும்போது, ‘கிருஷ்ணகிரி!ஓசூர்!குமார்’ என்று முகவரி இட வேண்டும். தர்மபுரிக் கணினி முதல் பெயரை எடுத்துவிட்டு, ‘ஓசூர்!குமார்’ என்ற மீதியோடு கடிதத்தைக் கிருஷ்ணகிரிக்குச் சேர்க்கும். அங்கே ‘ஓசூர்’ என்ற பெயர் கழிந்து, ‘குமார்’ என்பது மட்டும் மிஞ்சிய நிலையில் கடிதம் ஓசூரை அடையும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ‘ஆர்மெயில்’ என்ற சிறிய நிரல் இயங்கி இந்த வேலையைச் செய்தது. அது கடிதத்தின் உச்சியில், எந்தக் கணினியிடமிருந்து அது வந்தது என்ற குறிப்பையும் சேர்த்துக்கொண்டே போனதால், பெறுகிறவர் அக்குறிப்புகளைத் தலைகீழாகக் கோத்துப் பதிலுக்கான வழியைக் கட்டிக்கொள்ள முடிந்தது. சென்ற இதழில் நாம் பார்த்த ‘ரிசீவ்டு’ வரிகள் இன்று செய்யும் வேலை ஏறக்குறைய இதுவே.

ஆய்விதழ்களிலும் பெயரட்டைகளிலும் முழு வழியையும் அச்சிட முடியாது, ஏனெனில் படிக்கிறவர் எங்கிருந்து எழுதப்போகிறார் என்பது கட்டுரையாளருக்குத் தெரியாது. எனவே எல்லோருக்கும் தெரிந்த பெரிய கணினி ஒன்றிலிருந்து தன் கணினி வரையிலான வழியை மட்டும் கொடுத்தார்கள். இல்லினாய் மாநிலத்தில் பெல் ஆய்வகத்தின் இந்தியன் ஹில் வளாகத்தில் இருந்த ‘ஐஎச்என்பி4’, வர்ஜீனியாவின் நிலநடுக்க ஆய்வு மையத்தில் இருந்த ‘சீஸ்மோ’, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ‘யூசிபிவேக்ஸ்’, ஆம்ஸ்டர்டாமில் ஐரோப்பாவின் வாசலாக விளங்கிய ‘எம்சிவேக்ஸ்’ ஆகியவை அப்படிப்பட்ட பெரிய கணினிகள். அந்தப் பெரிய கணினி வரை எப்படி வருவது என்பதைப் படிப்பவர்தான் தன் பக்கத்திலிருந்து நிரப்பிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் பணியாற்றுகிறேன். ஆயிரக்கணக்கான கணினிகள் இருந்த பிணையத்தில், எந்த வழி நல்ல வழி என்பதை ஒரு சாதாரண பயனர் எப்படித் தெரிந்துகொண்டார்? நிர்வாகி தன் விருப்பப்படி வழியை மாற்றி அமைக்க இடம் இருந்ததா?
(ஓசூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இந்தப் பொருளின் உயிர்நாடியே உங்கள் கேள்விதான் என்பதால், சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

தொடக்கத்தில் பயனர்கள் நல்ல வழிகளை நினைவில் வைத்துக்கொண்டார்கள், அல்லது ஒருவருக்கொருவர் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கணினிகள் பெருகியபோது அது இயலாமல் போயிற்று. அப்போது இரண்டு முயற்சிகள் கைகோத்தன. ஒன்று, யூயூசிபி வரைபடத் திட்டம். ஒவ்வொரு கணினியின் நிர்வாகியும், தன் கணினியின் பெயர், நிறுவனம், பொறுப்பாளர், தொலைபேசி எண், அஞ்சல் முகவரி, அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றோடு, தான் யார் யாரோடு எவ்வளவு அடிக்கடி தொடர்பு கொள்கிறேன் என்பதையும் குறித்த வடிவில் எழுதி அனுப்ப, தன்னார்வலர்கள் அவற்றைத் தொகுத்து எல்லோருக்கும் வெளியிட்டார்கள். மற்றொன்று, அந்த வரைபடத்தைப் படித்து, தன் கணினியிலிருந்து மற்ற ஒவ்வொரு கணினிக்கும் மிகக் குறைந்த செலவுள்ள வழியைக் கணக்கிட்டுத் தரும் ‘பாத்ஏலியஸ்’ என்ற நிரல். இதை ஸ்டீவ் பெல்லோவின் முதலில் எழுதினார். பின்னர் பீட்டர் ஹனிமேன் அதைத் திருத்தி விரிவாக்கினார். அதன் செயல்முறையை இருவரும் 1986இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள்.

இங்கே செலவு என்பது பணத்தை மட்டும் குறிக்கவில்லை. தாமதத்தையும் நம்பகத்தையும் சேர்த்து எடைபோட்ட ஒரு எண் அது. நிர்வாகிகள் எண்ணை நேரடியாக எழுதாமல், ‘டிமாண்ட்’, ‘அவர்லி’, ‘ஈவினிங்’, ‘டெய்லி’, ‘வீக்லி’ போன்ற பெயர்களால் இணைப்பின் தன்மையைக் குறிப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் அழைக்கக்கூடிய இணைப்புக்கு 300, மணிக்கு ஒருமுறை அழைப்பதற்கு 500, மாலைக்கு மேல் மட்டும் அழைப்பதற்கு 1800, நாளுக்கு ஒருமுறைக்கு 5000, வாரத்துக்கு ஒருமுறைக்கு 30000 என்று நிரல் அவற்றை எண்ணாக மாற்றிக்கொள்ளும். மணிக்கு ஒருமுறையைவிட நாளுக்கு ஒருமுறை என்பது 24 மடங்கு ஆகாமல் 10 மடங்காக மட்டும் வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு கணினியைக் கடக்கும்போதும் கடிதம் தவறிப்போவதற்கும் தேங்குவதற்கும் வாய்ப்பு உண்டு என்பதால், வேகமான இணைப்புகளைத் தேடி நிரல் கணினி கணினியாகத் தாவிச் செல்லும் நீண்ட வழிகளைத் தேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இந்த எண்களை வகுத்தவர்கள் சூத்திரத்தை நம்பி வகுக்கவில்லை, கடிதங்கள் உண்மையில் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதைக் கண்டு வகுத்தார்கள் என்பதாலேயே அவற்றின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

மேலே சொன்ன கற்பனைப் பிணையத்தில் இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தர்மபுரி ஓசூரை நாளுக்கு ஒருமுறை நேராக அழைக்கிறது, செலவு 5000. தர்மபுரி கிருஷ்ணகிரியை மணிக்கு ஒருமுறையும், கிருஷ்ணகிரி ஓசூரை நினைத்தபோதும் அழைக்கின்றன. செலவு 500, 300 சேர்ந்து 800. தர்மபுரி சேலத்தை நினைத்தபோதும், சேலம் ஓசூரை மாலைக்கு மேலும் அழைக்கின்றன. செலவு 300, 1800 சேர்ந்து 2100. நேர்வழி இருந்தும் நிரல் கிருஷ்ணகிரி வழியையே தேர்ந்தெடுத்து, ‘ஓசூர்’ என்ற பெயருக்கு எதிரே ‘கிருஷ்ணகிரி!ஓசூர்!%s’ என்று ஒரு வரியை எழுதிவைக்கும். அந்த % குறியும் எழுத்தும் இருக்கும் இடத்தில் பயனரின் பெயர் வந்து உட்காரும். இப்படி எல்லாக் கணினிகளுக்குமான வரிகள் ‘பாத்ஸ்’ என்ற கோப்பில் சேர்ந்துவிட்டால், பயனர் இனிமேல் ‘ஓசூர்!குமார்’ என்று எழுதினால் போதும், மீதியை அஞ்சல் நிரல் பார்த்துக்கொள்ளும்.

இனி, விருப்பப்படி மாற்ற இடம் இருந்ததா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நிறையவே இருந்தது, அதைச் செய்வதுதான் ஒரு நல்ல நிர்வாகியின் அன்றாட வேலையாகவும் இருந்தது. உலகம் முழுவதற்குமான வரைபடத்தோடு, தன் இடத்துக்கு மட்டும் உரிய ஒரு சிறிய கோப்பையும் நிரலுக்குக் கொடுக்க முடியும். கிருஷ்ணகிரியின் தொலைபேசி இணைப்பு மழைக்காலத்தில் அடிக்கடி அறுந்துபோகிறது என்பது தர்மபுரி நிர்வாகிக்குத் தெரியும், ஆனால் வரைபடத்துக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அவர் ‘அட்ஜஸ்ட்’ என்ற கட்டளையால் கிருஷ்ணகிரியிலிருந்து புறப்படும் இணைப்புகளின் செலவில் 2000 கூட்டிவிட்டால், அந்த வழியின் மொத்தம் 2800 ஆகிவிடும், 2100 செலவுள்ள சேலம் வழி தானாக முன்னுக்கு வந்துவிடும். குறிப்பிட்ட இணைப்பு அடியோடு செயலற்றுப்போனால் ‘டெட்’ என்று அறிவிக்கலாம், அப்போது வேறு வழியே இல்லாத நிலையில்தான் நிரல் அதைத் தொடும். ஒரு கணினியை வரைபடத்திலிருந்து முற்றாக நீக்க ‘டிலீட்’ இருந்தது. பெயர்களைப் பதிவு செய்யக் கட்டாயம் எதுவும் இல்லாத பிணையத்தில் ஒரே பெயரை இரண்டு இடங்களில் வைத்துக்கொள்வது சாதாரணமாக நடந்ததால், இந்தப் பெயர் இந்தக் கோப்புக்குள் மட்டுமே செல்லும் என்று வரையறுக்க ‘பிரைவேட்’ இருந்தது.

வழியைத் தீர்மானித்த இன்னொரு இடம், யூயூசிபி தொகுப்பின் ‘எல்.சிஸ்’ கோப்பு. 1983இல் ஹனிமேன், டேவிட் நோவிட்ஸ், பிரையன் ரெட்மன் ஆகிய மூவரும் யூயூசிபியைத் திருத்தி எழுதிய பிறகு, அந்தக் கோப்பு ‘சிஸ்டம்ஸ்’ என்ற பெயரைப் பெற்றது. அண்டைக் கணினி ஒவ்வொன்றின் தொலைபேசி எண், கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் மோடத்தின் வேகம், உள்ளே நுழைவதற்கான பெயர், கடவுச்சொல் ஆகியவற்றோடு, எந்த நாளில் எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். வார நாட்களில் இரவு 11 மணிக்குப் பின், விடியும் வரை மட்டும் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ‘நெவர்’ என்று எழுதினால், நாம் அழைக்கமாட்டோம், அந்தப் பக்கம் அழைக்கும்போது கொடுத்து வாங்கிக்கொள்வோம் என்று பொருள். இரவு கட்டணச் சலுகைக்காக எஸ்டிடி பூத்துகளில் காத்திருந்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். அமெரிக்காவிலும் தொலைதூர அழைப்புக்கு இரவில் கட்டணம் குறைவு என்பதால், கடிதங்கள் பகல் முழுவதும் வட்டில் காத்திருந்து, நள்ளிரவில் மோடத்தின் வழியே கிளம்பின. 1200 பிட் வேகமுள்ள மோடம் நொடிக்கு ஏறத்தாழ 120 எழுத்துகளை அனுப்பும் என்பதால், 2400 எழுத்துகள் கொண்ட கடிதத்துக்கு 20 நொடி போதும். ஆனால் நான்கு கணினிகள் ஒவ்வொன்றும் அடுத்த இரவுக்காகக் காத்திருந்தால், அந்த 20 நொடிக் கடிதம் போய்ச் சேர நான்கு நாட்களாகும்.

எல்லாக் கணினிகளுக்கும் முழு வரைபடத்தை வைத்துக் கணக்கிடும் வசதி இருக்கவில்லை. சிறிய கணினிகள் தமக்குத் தெரிந்த சில வழிகளை மட்டும் எழுதிவைத்துக்கொண்டு, தெரியாத பெயர் வந்தால் கடிதத்தைப் பக்கத்தில் உள்ள விவரமறிந்த பெரிய கணினியிடம் ஒப்படைத்துவிடும். ‘ஸ்மெயில்’ என்ற அஞ்சல் நிரலில் அதற்கென்றே ‘ஸ்மார்ட் ஹோஸ்ட்’ என்று ஒரு பதிவு உண்டு. அந்தப் பெயர் இன்றும் உங்கள் தொழிற்சாலையின் அஞ்சல் சர்வர் அமைப்புகளில் இருக்கக்கூடும், பார்த்தால் தெரியும்.

கேள்வி: நான் ஒரு வழியை எழுதிக் கொடுத்த பிறகு, இடையில் இருக்கும் கணினி அதை மாற்றிவிட முடியுமா? மாற்றுவது முறையா?
(கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முடியும், சில இடங்களில் மாற்றவும் செய்தார்கள், அதைக் குறித்து 1980களின் இரண்டாம் பாதியில் நிர்வாகிகளிடையே கடுமையான விவாதம் நடந்தது. பாத்ஏலியஸ் கணக்கிட்ட பட்டியலை வைத்திருந்த ஓர் இடைக்கணினி, தன்னிடம் வரும் கடிதத்தின் மிச்ச வழியைப் படித்து, அதில் தனக்குத் தெரிந்த கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டு, நடுவில் இருந்த பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டுத் தன் பட்டியலில் உள்ள வழியைப் போட்டு அனுப்பிவிடும்.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பதிலுக்கான வழி, வந்த வழியைத் தலைகீழாக்கிக் கட்டப்பட்டதால், சுற்றிச் சுற்றி வந்த கடிதத்துக்குப் பதிலும் அதே சுற்றில் போனது. அந்தச் சுற்றின் ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் யாரோ ஒரு நிறுவனம் கட்டணம் கட்டியது. கட்டணம் கட்டுகிறவர் வீண் அழைப்பைக் குறைக்க விரும்புவது இயல்பு. இணைப்புகள் ஒருவழியாக அறிவிக்கப்படுவதும் உண்டு: தர்மபுரி சேலத்தை நினைத்தபோது அழைக்க முடியும் என்பதால், சேலம் தர்மபுரியை நினைத்தபோது அழைக்கும் என்று ஆகிவிடாது. தலைகீழாக்கிய வழி சில நேரம் வாரக்கணக்கில் தேங்குவதற்கு இதுவும் காரணம்.

ஆனாலும் என் கருத்து, அனுப்பியவர் எழுதிக்கொடுத்த வழியை இடையில் உள்ளவர் மதிக்க வேண்டும் என்பதே. வரைபடம் எழுதப்பட்ட நாளுக்கும் கடிதம் வந்த நாளுக்கும் இடையே இணைப்புகள் மாறியிருக்கும், அனுப்பியவருக்கு அது தெரிந்திருக்கும், அதனால்தான் அவர் வேறு வழியைக் கவனமாக எழுதியிருப்பார். ஒரே பெயரில் இரண்டு கணினிகள் இருக்கும்போது, எந்தக் கணினி என்பதைக் குறிப்பதே அந்த நீண்ட வழிதான். நடுப்பகுதியை நீக்கிவிட்டால், கடிதம் முற்றிலும் வேறொருவரிடம் போய்ச் சேரும். ஒரு இணைப்பு சரியாக இயங்குகிறதா என்று சோதிக்க அனுப்பிய கடிதத்தை வேறு வழியில் திருப்பிவிட்டால், சோதனையே பயனற்றுப் போகும். இரண்டு கணினிகள் ஒன்றுக்கொன்று முரணான பட்டியல்களை வைத்துக்கொண்டு மாறி மாறி வழியைத் திருத்தினால், கடிதம் இரண்டுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருக்கும். தான் நேரடியாக அழைக்கும் அண்டைக் கணினிகளுக்கிடையே மட்டும் வழியைச் சுருக்கிக்கொள்வதை நான் ஏற்பேன். ஏனெனில் அந்த இணைப்புகளின் நிலை அந்த நிர்வாகிக்கு நேரடியாகத் தெரியும், கட்டணமும் அவருடையது. அதற்கு அப்பால் உள்ளதைத் திருத்த அவரிடம் போதுமான அறிவு இருக்கவில்லை.

வழியில் எழுதப்பட்டிருக்கும் பெயர்களை உறுதிசெய்ய யாராலும் முடியவில்லை என்பதும் இங்கே நினைவில் வைக்கத்தக்கது. 1984 ஏப்ரல் 1 அன்று, ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த பீட் பீர்ட்டெமா, சோவியத் தலைவர் செர்னென்கோ ‘கிரெம்வேக்ஸ்’ என்ற கணினியிலிருந்து எழுதியதாக ஒரு செய்தியை யூஸ்நெட் என்ற பொது விவாதப் பிணையத்தில் உலவவிட்டார். எம்சிவேக்ஸுக்கு அப்பால் மாஸ்கோ பெயர் கொண்ட கணினி வழியாக வந்ததைப் போலவே அதன் வழி எழுதப்பட்டிருந்ததால், பலர் அதை உண்மை என்றே நம்பினார்கள்.

கேள்வி: ஆச்சரியக்குறியும் @ குறியும் ஒரே முகவரியில் சேர்ந்து வந்தால் எதை முதலில் படிக்க வேண்டும்?
(பாலக்கோட்டிலிருந்து ஒரு பொறியியல் மாணவர்)

பதில்: படிக்கிற கணினி எந்தப் பிணையத்தைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து விடை மாறியது. ‘கிருஷ்ணகிரி!குமார்@சேலம்’ என்ற முகவரியை யூயூசிபி கணினி இடமிருந்து படித்து முதலில் கிருஷ்ணகிரிக்கு அனுப்பும். இணைய நெறிமுறைகளை விளக்கும் ஆர்எஃப்சி ஆவணங்களில், 1982இன் ஆர்எஃப்சி 822 விதிகளைப் பின்பற்றும் கணினி @ குறிக்கு முன்னுரிமை கொடுத்து முதலில் சேலத்துக்கு அனுப்பும். மேரி ஆன் ஹார்ட்டன் எழுதி 1986 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 976, @ குறிக்கே முன்னுரிமை என்று தீர்த்துவைத்தது. இத்தகைய கலப்பு வழிகள் ஆபத்தானவை என்பதால், பாத்ஏலியஸும் அவற்றுக்குப் பெரும் தண்டச்செலவு சேர்த்து, கூடியவரை தவிர்த்தது.

% குறி வந்த முகவரிகள் மூன்றாவது வகை. ‘குமார்%ஓசூர்@சேலம்’ என்று எழுதினால், சேலம் தன் பெயரை நீக்கிவிட்டு, % குறியை @ ஆக மாற்றி ஓசூருக்கு அனுப்பும். எந்த ஆவணமும் விதியாக்காத பழக்கம் இது, ஆனாலும் பிட்நெட் போன்ற வேறு பிணையங்களுக்குள் கடிதம் நுழைய மிகவும் கைகொடுத்தது. பிரிட்டனின் ஜேனட் பிணையத்திலோ பெயர்ப் பகுதிகளையே நாட்டிலிருந்து தொடங்கித் தலைகீழாக எழுதினார்கள். அதனால் கணினி அறிவியல் துறையைக் குறித்து இறுதியில் வரும் ‘சிஎஸ்’ என்ற இரண்டெழுத்தை, செக்கோஸ்லோவாகியாவின் நாட்டுக் குறியீடு என்று மற்றக் கணினிகள் எடுத்துக்கொண்ட குழப்பமும் நேர்ந்தது. இந்தக் கலவைகளையெல்லாம் எழுத்து விதிகளால் மாற்றியமைப்பதற்காகத்தான் எரிக் ஆல்மன் ‘சென்ட்மெயில்’ நிரலை எழுதினார். அதன் அமைப்புக் கோப்பு படிக்கக் கடினமானது என்று பெயரெடுத்தது. அது சமாளித்த முகவரிகளைப் பார்த்தால், அந்தக் கடினத்தின் காரணம் விளங்கும்.

கேள்வி: நம் நாட்டில் இந்த முறை வழக்கில் இருந்ததா? நம் மாவட்டத்துக்கு வந்ததா?
(தர்மபுரியிலிருந்து ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர்)

பதில்: நாட்டில் இருந்தது. மத்திய மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986இல் தொடங்கிய எர்நெட் பிணையத்தில், மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், சென்னை உள்ளிட்ட ஐந்து ஐஐடிகள் ஆகியவை முதலில் இணைந்தன. ஆரம்பத்தில் அவை தொலைபேசி வழியாக யூயூசிபி முறையிலேயே கடிதங்களைப் பரிமாறிக்கொண்டன. வெளிநாட்டுக் கடிதங்கள் மும்பை மையத்தின் வாசல் வழியாக, ரிக் ஆடம்ஸ் 1987இல் வர்ஜீனியாவில் தொடங்கிய ‘யூயூநெட்’ கணினியை அடைந்து, அங்கிருந்து பிரிந்து சென்றன. அக்காலத்தில் சென்னை ஐஐடியிலோ பெங்களூர் அறிவியல் கழகத்திலோ பயின்ற நம் மாவட்டத்தவர்கள் இந்த ஆச்சரியக்குறி வழிகளை எழுதிப் பழகியிருக்க வாய்ப்பு உண்டு. அவர்களில் யாரேனும் இதைப் படித்தால், எந்த வழியை எழுதினார்கள் என்பதை எங்களுக்கு எழுதித் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இத்தகைய விவரங்கள் தமிழில் பதிவாகாமலே மறைந்துகொண்டிருக்கின்றன.

மாவட்டத்துக்குள் வந்தது வேறு பிணையம். தேசிய தகவலியல் மையத்தின் நிக்நெட், மாவட்டத் தலைநகரங்களைச் செயற்கைக்கோள் வழியாக இணைத்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004இல்தான் என்பதால், அன்று ஓசூர் வரையிலும் தர்மபுரி மாவட்டமே. பொதுமக்களுக்கான இணைய இணைப்பை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பெருநகரங்களில் தொடங்கியபோது, வழியை எழுதும் வழக்கம் பெரும்பாலும் முடிந்துபோயிருந்தது.

கேள்வி: முடிந்துபோனது ஏன்? இப்போது நான் விரும்பினால் என் கடிதத்துக்கு வழி வகுக்க முடியாதா?
(காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: கணினிகளுக்கு எங்கும் ஒரே பொதுப் பெயரைத் தரும்படி பால் மொக்கப்பெட்ரிஸ் 1983இல் வகுத்த டொமைன் பெயர் அமைப்பும், அதில் அஞ்சலுக்கென்று கிரேக் பார்ட்ரிட்ஜ் 1986 ஜனவரியில் ஆர்எஃப்சி 974 மூலம் விளக்கிய ‘எம்எக்ஸ்’ பதிவும்தான் முதன்மைக் காரணம். ஒரு டொமைனுக்கு வரும் கடிதங்களை எந்தக் கணினி வாங்கிக்கொள்ளும் என்பதைப் பெறுகிறவரே அறிவித்துவிடுகிறார், அனுப்புகிற கணினி அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. நேரடி இணைப்பு இல்லாத யூயூசிபி கணினிக்கும் இதனால் டொமைன் பெயர் கிடைத்தது: அதன் எம்எக்ஸ் பதிவு யூயூநெட் போன்ற ஒரு பெரிய கணினியைக் காட்டும், அது கடிதத்தை வாங்கி வைத்திருந்து தொலைபேசி வழியாகச் சேர்க்கும். வழியைத் தீர்மானிக்கும் உரிமை அனுப்புகிறவரிடமிருந்து பெறுகிறவருக்கு மாறியது இந்த இடத்தில்தான்.

மற்றொரு காரணம் வருந்தத்தக்கது. 1990களில் விளம்பரக் கடிதங்களை அனுப்புகிறவர்கள், % குறியையும் எஸ்எம்டிபி என்ற அஞ்சல் அனுப்பும் நெறிமுறை அனுமதித்த வழி எழுதும் வசதியையும் பயன்படுத்தி, யாருடைய சர்வர் வழியாகவும் தம் குப்பையைத் தள்ளினார்கள். அதனால் 1998இல் வெளியான சென்ட்மெயில் 8.9, அயலாருக்காகக் கடிதம் கடத்துவதை இயல்பாகவே மறுக்கும்படி அமைக்கப்பட்டது. 2001இன் ஆர்எஃப்சி 2821, அனுப்புகிறவர் எழுதிய வழியைச் சர்வர் பொருட்படுத்தாமல் விடலாம் என்று அனுமதித்தது. எனவே ஜிமெயில் போன்ற சேவையில் கணக்கு வைத்திருக்கும் நீங்கள் வழி எழுதி அனுப்ப இப்போது இடமில்லை.

சொந்தமாக அஞ்சல் சர்வர் நடத்துகிறவருக்கோ வாய்ப்பு இன்றும் உள்ளது. போஸ்ட்ஃபிக்ஸ் நிரலில் ‘டிரான்ஸ்போர்ட்’ என்ற அட்டவணையிலும், சென்ட்மெயிலில் ‘மெயிலர்டேபிள்’ என்ற அட்டவணையிலும், இந்த டொமைனுக்கான கடிதங்கள் எம்எக்ஸ் பதிவைப் பாராமல் இந்தச் சர்வர் வழியாகவே போக வேண்டும் என்று ஒரு வரியில் எழுதிவைக்கலாம். கிளை அலுவலகங்கள் உள்ள நிறுவனங்களிலும், சர்வரை மாற்றும் இடைக்காலத்திலும் இது அன்றாடம் பயன்படுகிறது. அதோடு போஸ்ட்ஃபிக்ஸில் ‘ஸ்வாப் பேங்பாத்’ என்ற ஓர் அமைப்பும் உண்டு (‘பேங்’ என்பது ஆச்சரியக்குறி). நீங்கள் மாற்றாதவரை அது செயல்நிலையிலேயே இருக்கும், ‘ஓசூர்!குமார்’ என்று யாராவது எழுதினால், அதை ‘குமார்@ஓசூர்’ என்று திருப்பி எழுதிக்கொள்ளும்.